ஏலத்தோட்டம் போகிறவர்களும் சொட்டு மருந்தும்



சொட்டு மருந்து முகாம் நாளில் நர்ஸ் அம்மாவுக்குப் பக்கத்தில், சட்டையில் பல்சக்கர பேட்ஜ் குத்திய சிலர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். "இவங்க சர்க்கார் ஆளாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. ரோட்டரி சங்கத்தார். கடை, தொழில் என்று தங்கள் பிழைப்பைப் பார்க்கிறவர்கள்; இதற்குச் சம்பளம் கிடையாது.

1905-ல் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து வக்கீல் பால் ஹாரிஸ் தொடங்கிய சங்கம் இது. அரிமா சங்கத்தார் கண் முகாம் நடத்துவதுபோல, இவர்கள் 1985-ல் இளம்பிள்ளை வாத ஒழிப்பைக் கையில் எடுத்தார்கள். 1988-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்துகொண்டன. அப்போது உலகத்தில் வருஷத்துக்குச் சுமார் 3½ லட்சம் பேரை இந்நோய் தாக்கியது. நம் நாட்டில் 1995-ல் முகாம்கள் தொடங்கின. மருந்தும் ஊழியரும் அரசு. பணம் திரட்டுவது, பந்தல் போடுவது, வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வருவது சங்கத்தார். இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்து ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச் 27-ல் நமக்குச் சான்று கிடைத்தது.

"நோய்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்பது நியாயமான கேள்வி. கிருமி தொற்றியவர்களில் ஏறக்குறைய 200 பேருக்கு ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும். மற்றவர்கள் நன்றாகவே இருப்பார்கள். ஆனால் அவர்கள் மலத்தின் வழியாகக் கிருமி தண்ணீரில் கலந்து அடுத்த பிள்ளையின் வயிற்றுக்குப் போகும். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஒழியவில்லை. ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால் கிருமி தங்கக் குடல் கிடைக்காது. பத்துப் பிள்ளை விட்டுப்போனால் அந்தப் பத்தும் அதற்கு வீடு.

விட்டுப்போவது பெரும்பாலும் யார் பிள்ளை? விடியுமுன்னே ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் பிள்ளை. எஸ்டேட் லயத்தில் மாசக்கணக்கில் தங்குகிறவர்கள் பிள்ளை. கூலியை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லி வையுங்கள். ஐந்து வயசுக்குட்பட்ட பிள்ளையை யார் தூக்கி வந்தாலும் மருந்து கொடுப்பார்கள். லேசான சளி, காய்ச்சல் இருந்தாலும் கொடுக்கலாம். இந்த மருந்து குடித்தால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்ற பேச்சு சுத்தப் பொய். குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முகாமில் குடித்தாச்சு என்று வழக்கமான தவணையை விட்டுவிடாதீர்கள். பிறந்தவுடனும், 6, 10, 14-வது வாரங்களிலும் சொட்டு மருந்து. 6, 14-வது வாரங்களிலும் 9-வது மாசத்திலும் போலியோ ஊசி. ஒன்றரை வயசு வாக்கில் மறுபடி சொட்டு மருந்து. மலைக்குக் குடிபெயர்ந்தால் தடுப்பூசி அட்டையைத் துணிமூட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். கேரளப் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அட்டையைப் பார்த்து மிச்சத் தவணையை இலவசமாகக் கொடுப்பார்கள்.