ஆற்றல் நிறமாலையா, ஆற்றல் பரவலா?

1958ஆம் ஆண்டு ஏவப்பெற்ற எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் பொருத்தியிருந்த கைகர் எண்ணி, மிக உயரத்தில் எதையும் பதியாது நின்றது. துகள்கள் இன்மையால் அன்று. எண்ணியின் வரம்பை மீறி அவை வந்து மோதியமையால். அதே ஆண்டு ஏவப்பெற்ற எக்ஸ்புளோரர் 3இன் பதிவுகளால் இது தெளிவாயிற்று. புவியின் காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள்கள் சிறைப்பட்டிருத்தல் இவ்வாறே அறியப்பட்டது.

துகள்கள் எத்தனை என்பதோடு, எந்த ஆற்றலில் எத்தனை என்பதும் அறியப்பட வேண்டும். உள் வளையத்தில் நூற்றுக்கணக்கான மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுடைய புரோட்டான்களும், வெளி வளையத்தில் சில மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுடைய எலக்ட்ரான்களும் உள்ளன. ஆற்றல் உயர உயர எண்ணிக்கை குறையும். ஆயின் மோதல்கள் அரிதாதலின், வெப்பச் சமநிலையிலுள்ள வளிமத்தில் குறைவதுபோல அத்துணை விரைவாகக் குறைவதில்லை.

இச்செய்தியைத் தமிழில் தருவோர் பெரும்பாலும் ‘ஆற்றல் நிறமாலை’ என எழுதக்கூடும். ஒளியைப் பொறுத்தவரை நிறமாலை அழகிய சொல். நிறங்கள் வரிசையுற அமைவதை அது காட்டுகிறது. புரோட்டானுக்கு நிறமேது? ஆங்கில மரபையொட்டிக் ‘கடின நிறமாலை’ என்று பெயர்த்தால் இடர் மிகும். உயராற்றல் துகள்களின் விகிதம் மிகுந்திருத்தலையே அம்மரபு கடினம் என்கிறது. வரைபடத்திலோ அது சரிவு குறைந்த கோடு. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 10 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் புரோட்டானை 1 மி.மீ. அலுமினியத் தகடு தடுத்துவிடும். 100 மில்லியன் உடையது 3 செ.மீ. தகட்டையும் கடக்கும். செயற்கைக்கோளின் காப்புறை இக்கணக்கைக் கொண்டே அமைகிறது. ‘உயராற்றல் மிகுந்த பரவல்’ என்பது நீளமாயினும் பொருள் மயக்கமற்றது.

பரவல் என்னும் சொல்லும் இடரற்றதன்று. காந்தப்புலம் அலைவுறுகையில் துகள்களுள் சில புவியை நோக்கி மெல்ல நகர்கின்றன. அங்குப் புலம் வலிதாதலின் அவற்றின் ஆற்றல் பெருகுகிறது. இந்நகர்வையும் பரவல் என்றே பெயர்த்தால், ‘பரவலால் பரவல் மாறுகிறது’ என்னும் விந்தைத் தொடர் பிறக்கும். தமிழகப் பாடநூல்களில் வழங்கும் ‘விரவல்’ இங்குக் கைகொடுக்கும்: விரவலால் பரவல் மாறுகிறது. இலங்கையிலோ முன்னது பரவல், பின்னது பரம்பல். ஆற்றலும் அங்குச் சக்தி. ஆகவே ‘பரவல்’ என்று மட்டும் எழுதப்பெற்ற கட்டுரையை யாழ்ப்பாணத்து மாணவர் நேர்மாறாகப் படிக்க இடமுண்டு. இரு வழக்கினர்க்கும் எழுதுவோர் முதல் ஆட்சியிலேயே இணைச்சொல்லையும் உடன் தருதல் நன்று.