தென்துருவத்துப் பனியும் எமது கிணற்று நீரும்

அந்தாட்டிக்காக் கண்டத்தை மூடியுள்ள பனிக்கட்டியின் தடிப்பு சராசரியாக ஏறத்தாழ 2 கிலோமீற்றர் ஆகும். அவ்வளவும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறக்குறைய 58 மீற்றர் உயரும். அது எமது காலத்தில் நடக்கப்போவதில்லை. ஆயினும் அக்கண்டத்தின் மேற்குப் பகுதியில் பனி குறைந்து வருவதை 1990களிலிருந்து செய்மதிகள் அளந்து வருகின்றன. இது எப்படி நடக்கிறது எனப் பார்ப்போம்.

அங்கே காற்று வீசும் போக்கு மாறும்போது ஆழ்கடலின் இளஞ்சூட்டு நீர் கரையை நோக்கி வருகிறது. அதன் வெப்பநிலை சுமார் 1 பாகை செல்சியசுதான். பனியை அடியிலிருந்து கரைக்க அதுவே போதும்.

கரையோரப் பனித்தட்டுகள் கடலில் மிதப்பவை. மிதக்கும் பனி உருகுவதால் மட்டும் கடல்மட்டம் பெரிதாக உயராது. ஆனால் அவை குளக்கட்டைப் போலத் தரையிலுள்ள பனியைத் தடுத்து நிற்கின்றன. 2002ஆம் ஆண்டு, வளி சூடேறி மேற்பரப்பில் உருகிய நீர் வெடிப்புகளில் இறங்கியதால், லார்சன் பி என்னும் பனித்தட்டில் ஏறத்தாழ 3,250 சதுர கிலோமீற்றர் பரப்பு ஒரு மாதமளவில் நொறுங்கியது. கட்டு உடைந்ததும் பின்னாலிருந்த பனியாறுகள் முன்னையிலும் பல மடங்கு விரைவாகக் கடலில் இறங்கின.

நிலமும் அசையாதிருப்பதில்லை. நெல் மூட்டை ஏற்றிய தோணி தாழ்வதும், இறக்கியதும் எழுவதும் போல, பனிப்பாரம் குறைந்த நிலம் மேலெழுகிறது. அமுண்ட்சன் கடலோரத்தில் ஓரிடத்தில் அது ஆண்டுக்குச் சுமார் 4 சென்ரிமீற்றர் எழுவதாக அளந்துள்ளனர். இது பனி பின்வாங்குவதைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடும். ஆனால் உலக வெப்பம் கூடிக்கொண்டே போனால் இது மட்டும் போதாது.

இதில் எமக்கென்ன? பெரும் பனித்திணிவு தன் ஈர்ப்பினால் கடல்நீரைத் தன்பால் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைய அந்தப் பிடியும் தளர்கிறது. உருகும் இடத்தருகே கடல் தாழ்கிறது. தொலைவில், எமது தீவைச் சூழ்ந்த கடலில், உலகச் சராசரியிலும் சற்றுக் கூடுதலாக உயர்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் உயர்ந்தால் உவர்நீரும் மேலெழும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அது இன்னும் விரைந்து வரும். ஆகவே கரையோரக் காணிகளுக்குத் திரும்பும் குடும்பங்களும், அங்கே புதிதாகக் குடியேறுவோரும் முதலில் கிணற்று நீரின் உப்புத்தன்மையைச் சோதிப்பது நல்லது. அளவோடு இறைப்போம். ஊர்க்குளங்களைத் தூர்வாரி மாரிமழையைத் தேக்குவோம். கண்டல் மரங்களை வெட்டாது காப்போம். துருவத்துப் பனியைத் தடுத்து நிறுத்த எம்மால் இயலாது. ஆனால் எமது கிணற்று நன்னீரைக் காக்க இன்றே தொடங்கலாம்.