குமிழைத் திருப்பும் தொல்லை தீர்ந்தது எப்படி?

அமெரிக்காவில் 1950-ம் ஆண்டு வாக்கில், வீட்டில் இசைத்தட்டு வைத்துப் பாட்டுக் கேட்பது சற்றுத் தொல்லைதான். ஒரு கம்பெனியின் தட்டு இனிமையாகப் பாடும். அடுத்த கம்பெனியின் தட்டை வைத்தால் கீச்சென்று கத்தும். அல்லது, பானைக்குள் இருந்து பாடுவது போல மந்தமாகக் கேட்கும். தட்டுக்குத் தட்டு குமிழைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும்.

காரணம் என்ன?

கனத்த ஒலியை அப்படியே பதித்தால், தட்டில் உள்ள கோடு அகலமாக வளைந்து ஓடும். இடம் போதாது, ஊசியும் துள்ளும். ஆகவே பதியும்போது அதைக் குறைப்பார்கள். கீச்சொலியையோ கூட்டிப் பதிவார்கள். இல்லாவிட்டால் தட்டின் இரைச்சலில் அது அமுங்கிவிடும். பாடும் கருவி இதைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். ஆனால் எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது? கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கணக்கு!

ஒரே விதி

1952-ல் இந்தக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. 'அமெரிக்க இசைப்பதிவுத் தொழில் சங்கம்' என்று பெயர். இது தொழிலாளர் சங்கம் அல்ல, முதலாளிகளின் சங்கம். 1954-ல் இச்சங்கம் எல்லோருக்கும் ஒரே கணக்கை வகுத்தது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. எல்.பி. தட்டுகள் இன்றும் அந்தக் கணக்கின்படியே தயாராகின்றன.

தங்கத் தட்டு

நன்றாக விற்ற பாட்டுக்குக் கம்பெனிகள் தாங்களே தங்கத் தட்டு வழங்கி, விளம்பரம் தேடி வந்தன. விற்பனைக் கணக்கு உண்மைதானா? 1958-ல் சங்கம் அதைத் தணிக்கை செய்து தங்கத் தட்டு வழங்கத் தொடங்கியது. ஒரு பாட்டுத் தட்டு 10 லட்சம் விற்க வேண்டும். பெரி கோமோ என்ற பாடகரின் தட்டுதான் முதலில் தேறியது!

கோர்ட்டுக்குப் போன கதை

பின்னர் கம்ப்யூட்டர் காலம் வந்தது. மக்கள் காசு கொடுக்காமல் இண்டர்நெட் வழியே பாட்டுகளைப் பகிர்ந்துகொண்டார்கள். பாடியவருக்கும் தயாரித்தவருக்கும் நஷ்டம் என்றது சங்கம். 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. தொடர்ந்து ஆயிரக்கணக்கான வழக்குகள்! மாணவர்கள், பெற்றோர்கள் வீட்டுக்கெல்லாம் நோட்டீஸ் போயிற்று. "பாட்டுக் கேட்பவர் மீதே வழக்கா?" என்று மக்கள் கொதித்தார்கள். 2008 டிசம்பரில், கூட்டம் கூட்டமாக வழக்குப் போடுவதை நிறுத்துவதாகச் சங்கம் அறிவித்தது.

இன்று பலர் மாதக் கட்டணம் செலுத்தி, இண்டர்நெட்டிலேயே பாட்டுக் கேட்கிறார்கள். சங்கமும் கணக்கை மாற்றிக்கொண்டது. ஒரு பாட்டை 150 தடவை கேட்டால், ஒன்று விற்றதாகக் கணக்கு!

போட்டிக் கம்பெனிகள் கூடி உட்கார்ந்து ஒரு விதி வகுத்தன. கேட்பவரின் தொல்லை தீர்ந்தது. கேட்பவரையே கோர்ட்டுக்கு இழுத்தன. கெட்ட பெயர் வந்தது. பாட்டுக் கேட்க ஆள் இருந்தால்தானே கம்பெனி? கம்பெனி இருந்தால்தானே சங்கம்?