விடுதியில் காய்ச்சல் வருமுன்

உங்கள் மகனோ மகளோ மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கின்றாரா? அப்படியாயின் இதைச் சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

வியாழன் இரவு விடுதியிலிருந்து தொலைபேசி அழைப்பு வருகின்றது. "அத்தா, ரெண்டு நாளாக் காய்ச்சலடிக்குது." நாம் என்ன சொல்வோம்? "உடனே பஸ் ஏறி வந்துரு வாப்பா" என்போம். பிள்ளையும் மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ நெரிசலான பேருந்தில் ஏறி, மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ சோழவந்தானுக்கோ வந்து சேருவான். வீட்டில் இளைப்பு நோயுள்ள நன்னி இருப்பார். தலைப்பிரசவத்திற்கு வந்திருக்கும் அக்காள் இருப்பாள். பாசத்தில் பிறந்த அழைப்புத்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது இன்ஃபுளுவென்சா எனப்படும் புளூ காய்ச்சலாக இருந்தால், அவனுடன் அதுவும் பயணச்சீட்டு இல்லாமல் நம் வீட்டுக்கு வந்துவிடுகின்றது.

இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளாலும், காற்றோட்டமற்ற அறையில் நெருங்கியிருப்பதாலும் இந்நோய் பரவுகின்றது. கிருமி தொற்றி ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் காய்ச்சல் தோன்றும். காய்ச்சல் தோன்றுவதற்கு ஒருநாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வாரம் வரை பரவும். ஆதலால் ஒருவன் படுக்கையில் விழும்போதே அறைத் தோழர்களுக்கும் தொற்றியிருக்கக் கூடும். நோய் வந்தபின் கூடிப் பேசிப் பயனில்லை என்பது இதனால்தான்.

பரவல் என்றவுடன் அரசுகள் முதலில் செய்வது பள்ளி, கல்லூரிகளை மூடுவதே. 2009 ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சலின்போது புனே நகரில் மூடினார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 வகைக் காய்ச்சல் பரவியபோது தமிழக அரசு மார்ச் 10 அன்று ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை விடுமுறை விட்டார்கள். வீட்டிலிருந்து வந்து போகும் சிறு பிள்ளைகளுக்கு இது பொருந்தும். விடுதிக்குப் பொருந்துமா? விடுதியை மூடினால் ஐந்நூறு பிள்ளைகள் ஐந்நூறு ஊர்களுக்குப் புறப்படுவார்கள். 2020 மார்ச்சில் நாடெங்கும் விடுதிகள் காலியானதை நாம் கண்ணாரக் கண்டோம். அம்மாதம் 25ஆம் நாள் தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. கொரோனா வேறு, புளூ வேறு. எனினும் விடுதிக்கு அது கற்பித்த பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

அதே ஆண்டு டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததையும் நினைவுகூர வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் ஊரிலிருக்க, ஒரு பகுதியினர் மட்டுமே விடுதிகளில் தங்கியிருந்தனர். அவ்வாறிருந்தும் சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. ஆராய்ந்தவர்களின் பார்வை உணவுக் கூடத்தின்மீது விழுந்தது. பின்னர் உணவைப் பொட்டலமாக அறைகளுக்கே அனுப்பினார்கள். வகுப்பறையில் முகக்கவசம் அணிந்தவனும் உண்ணும்போது அதைக் கழற்றித்தானே ஆகவேண்டும்! நம் மதரஸா விடுதிகளிலும் விருந்துகளிலும் ஒரே சஹனைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து உண்பது வழக்கம். பரக்கத்தான பழக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் காய்ச்சல் பரவும் வாரங்களில் தனித்தட்டில் உண்பதால் சகோதரத்துவம் குறைந்துவிடாது.

இனி, எவரும் கிருமியென்று எண்ணாத ஒன்றைச் சொல்கின்றேன். அதுதான் வருகைப் பதிவேடு. நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வராவிட்டால் தேர்வு எழுத முடியாது; குறைந்தால் அபராதம் கட்டி மன்னிப்புப் பெறவேண்டும். இந்த அச்சத்தினால் நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலுடன் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அறுபது பேர் அமர்ந்த வகுப்பிற்கு வந்து இருமுகின்றான் மாணவன். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? மருத்துவச் சான்றிதழ் கொண்டுவா என்றால், அதற்காக ஒரு மருத்துவமனை வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்கவேண்டும். காய்ச்சல் காலத்தில் விடுதிக் காப்பாளர் எழுதித் தரும் ஒரு வரிச் சீட்டே போதும், அந்நாட்கள் கணக்கில் குறையா என்று கல்லூரி முன்கூட்டியே அறிவிக்கட்டும். செலவில்லாத இந்த ஒரு முடிவு, ஆயிரம் சுவரொட்டிகளைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

அடுத்தது நோயாளிகளுக்கென்று தனி அறைகள். சன்னல் உள்ள இரண்டு மூன்று அறைகள், அவற்றுக்கெனத் தனிக் கழிப்பறை, ஒரு வெப்பமானி, விரலில் மாட்டி உயிர்க்காற்றின் அளவைப் பார்க்கும் சிறு கருவி, இரவில் கஞ்சியும் வெந்நீரும் கொண்டு வருவதற்குப் பெயர் குறித்து அமர்த்தப்பட்ட ஓர் ஆள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல் ஆகியவை கண்டால் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் வைரஸைக் கொல்லா; புளூவுக்கான மருந்து வேறு, அதனை மருத்துவர் சொல்லி முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் நல்ல பலனுண்டு. பதின்பருவத்தினருக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும், வீட்டிலுள்ள முதியோர், கர்ப்பிணிகளுக்கும் ஆண்டுக்கொருமுறை போடும் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். கைகழுவும் குழாயடியில் சோப்பு இருக்கவேண்டும். ஐவேளை ஒளூச் செய்பவருக்கு இது எதற்கு என்று கேட்பவருண்டு. ஒளூவும் தூய்மையே, ஆயினும் தும்மிய கையிலுள்ள கிருமியைப் போக்கச் சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்க்கவேண்டும்.

கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதற்கு அஞ்சி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிச் செல்கையில் ஸர்க் என்னுமிடத்தில் நோய்ச் செய்தி கேட்டுப் படையுடன் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகின்றீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்கின்றோம் எனும் பொருள்பட விடை பகர்ந்தார்கள். முன்னேற்பாடு தவக்குலுக்கு எதிரானதன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆனால் ஒன்று. வெளியேறாதே என்று சொல்லிவிட்டு, பிள்ளையைப் பூட்டிய அறையில் தனியே விட்டுவிடுவது அந்நபிமொழியைப் பேணியதாகாது. நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. முகக்கவசத்துடன் வாசலில் நின்று நாலு வார்த்தை பேசினாலும் அவன் மனம் குளிரும். காய்ச்சல் கண்டவனைக் குற்றவாளிபோலப் பார்த்தால் அடுத்தவன் தன் காய்ச்சலை மறைப்பான். 2020இல் ஒரு நோயை ஒரு சமுதாயத்தின் பெயரோடு ஒட்டிப் பேசியபோது நாம் பட்ட வேதனையை இதற்குள் மறந்திருக்க மாட்டோம்.

அண்மை ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகின்றது. நம் நாட்டில் புளூ மிகும் பருவங்களுள் அதுவும் ஒன்று. காய்ச்சலுடன் நோன்பை விடாமல் மருந்தைத் தவிர்க்கும் பிள்ளைக்கு, நோயாளி பின்னர் நோற்றுக்கொள்ளலாம் என்னும் குர்ஆனின் சலுகையை நீங்களே தொலைபேசியில் எடுத்துச் சொல்லுங்கள். ஜும்ஆவுக்கும் இந்தச் சலுகை உண்டு.

அடுத்த சேர்க்கைக்குக் கல்லூரிக்குச் செல்லும்போது, விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டபின் காப்பாளரிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காய்ச்சல் வந்தால் என் பிள்ளை எந்த அறையில் படுப்பான்? நள்ளிரவில் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார்? அந்த ஏழு நாள் வருகைப் பதிவு என்னாகும்?