ரிம் மாற்றப் போகிறீர்களா? அழகைப் பார்க்கும் முன் ஐந்து எண்களைப் பாருங்கள்

கோலாலம்பூர் – முதல் வேலை, முதல் கார், அதற்கடுத்து ஒரு ஜோடி ஸ்போர்ட் ரிம். நம் இளைஞர்கள் பலருடைய ஆசை இந்த வரிசையில்தான் வளர்கிறது. போனஸ் பணம் கைக்கு வந்ததும் கால் தானாக ரிம் கடைப் பக்கம் போகிறது. சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கும் ரிம்களில் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதன் பிறகு கேட்கும் ஒரே கேள்வி, “எவ்வளவு?” என்பதுதான்.

ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. வார நாளில் தனியாக ஓட்டும் அதே காரில்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பாட்டியும் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வருகிறார்கள். பொருந்தாத ரிம்மைப் பூட்டினால் பணம் மட்டும் போகாது. நெடுஞ்சாலையில் நட் தளர்ந்தால் போவது உயிராகவும் இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, பத்தாம் தலைமுறை ஹோண்டா சிவிக் 1.5 டர்போவை எடுத்துக்கொள்வோம். 2016-இல் மலேசியாவுக்கு வந்த இந்தக் கார், இன்று பழைய கார் சந்தையில் இளைஞர்கள் தேடும் ஸ்போர்ட் செடான்களில் ஒன்று. கீழே சொல்லப்படும் முறை மற்ற கார்களுக்கும் பொருந்தும். எண்கள் மட்டும் மாறும்.

*ரிம்மின் முதுகில் எழுதியிருப்பது என்ன?*

எந்த ரிம்மையும் திருப்பிப் பார்த்தால், கம்பிகளின் பின்புறத்திலோ நடுப்பகுதியிலோ சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். விட்டம், அகலம், பிசிடி, ஆஃப்செட் ஆகியவை அவற்றில் பெரும்பாலும் இருக்கும். நடுத்துளையின் அளவைச் சில ரிம்களில் அளந்துதான் பார்க்க வேண்டும். இந்த ஐந்தும் தெரியாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

முதலில் பிசிடி. சக்கரத்தை மாட்டும் ஸ்டட்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்து ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டமே பிசிடி. சிவிக் டர்போவுக்கு 5×114.3. அதாவது ஐந்து துளைகள், 114.3 மில்லிமீட்டர் வட்டம். மைவி, ஹோண்டா சிட்டி போன்ற சிறிய கார்களில் 4×100 பார்க்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “சிவிக் டைப் ஆர் ரிம், ஒரிஜினல், உங்கள் காருக்கு அப்படியே ஏறும்” என்று ஒருவர் சொல்வார். பெயர் ஒன்றுதான், ஆனால் அதே தலைமுறையில் வந்த டைப் ஆர் காரின் பிசிடி 5×120. சாதாரண சிவிக்கில் அது ஏறாது.

ஏறாத ரிம்மைவிட ஏறுவதுபோல் தெரியும் ரிம் இன்னும் ஆபத்தானது. ஜெர்மன் கார்கள் பலவற்றில் இருக்கும் 5×112 ரிம்மை 5×114.3 ஸ்டட்டில் வைத்து, நட்டை இறுக்கி உட்கார வைத்துவிட முடியும் என்று சிலர் நினைக்கிறார்கள். வட்டத்தில் 2.3 மில்லிமீட்டர் வேறுபாடு என்றால், ஒவ்வொரு ஸ்டட்டும் துளையின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும். நட் முழுமையாக உட்காராது. ஸ்டட் சாய்ந்த நிலையில் இழுபடும். ஓட ஓட நட் தளரும், இல்லையேல் ஸ்டட் முறியும்.

*ஆஃப்செட்: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு?*

ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். காரின் ஹப்பில் ஒட்டும் தட்டையான பகுதி அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுவே ஆஃப்செட். ரிம்மில் ஈடி என்ற எழுத்துகளோடு இந்த எண் இருக்கும். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். கூடக் கூட உள்ளே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது இருப்பது 7 அங்குல அகலம், ஆஃப்செட் 45 என்று வைத்துக்கொள்வோம். வாங்க நினைப்பது 8 அங்குலம், ஆஃப்செட் 35. அகலம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர் கூடுகிறது. அதில் பாதியான 12.7 உள்ளேயும் 12.7 வெளியேயும் போகும். ஆஃப்செட் 10 குறைவதால் முழுச் சக்கரமும் 10 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக, வெளிப்பக்கம் 22.7 மில்லிமீட்டர் துருத்தும், உள்பக்கம் 2.7 மட்டுமே நெருங்கும்.

அதே 8 அங்குல ரிம் ஆஃப்செட் 50-இல் கிடைத்தால், வெளியே 7.7 மில்லிமீட்டர்தான் வரும். ஆனால் உள்ளே 17.7 போகும். அங்கே அப்சோர்பருக்கும் டயருக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். கடைக்காரர் சொல்லும் “பொருந்தும்” என்ற சொல்லைவிட இந்தச் சிறு கணக்கு நம்பகமானது.

“மட்கார்டை உள்ளே மடித்துவிட்டால் சரியாகிவிடும்” என்பது பட்டறைகளில் கேட்கும் இன்னொரு யோசனை. மடிக்கும்போது பெயின்ட் வெடித்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். நம் மழைக்கு அது வேகமாகவே பரவும்.

*நடுத்துளையும் நட்டும்: சிறிய பொருள், பெரிய விஷயம்*

சிவிக்கின் ஹப் 64.1 மில்லிமீட்டர். வெளிச்சந்தை ரிம்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய நடுத்துளையோடு வரும், 73.1 மில்லிமீட்டர் பரவலான அளவு. அந்த இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்ற வளையம் போட வேண்டும். வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 64.1 என்று சரியான அளவில் வாங்கினால் சக்கரம் நேர் மையத்தில் உட்காரும். வளையம் இல்லாமல் பூட்டினால் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் அந்த நடுக்கம் போகாது.

நட் விஷயத்தில் ஹோண்டா உரிமையாளர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை முனை நட் வரும். வெளிச்சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு முனை நட்டுக்கானவை. பழைய நட்டையே புதிய ரிம்மில் போட்டால், உருண்டை கூம்பில் மெல்லிய ஒரு கோட்டில் மட்டுமே தொடும். இறுக்கியதுபோல் தெரியும், சில நாளில் தளர்ந்துவிடும். புதிய ரிம் வாங்கும்போதே அதற்கேற்ற நட், 12 மில்லிமீட்டர் தடிப்பு, 1.5 மரை அளவில் வாங்கிவிட வேண்டும். பழைய நட்டையும் எறிந்துவிடக் கூடாது. ஒரிஜினல் ரிம்மைத் திரும்பப் போடும் நாளில் அது தேவைப்படும்.

*டயர்: உயரம் மாறக் கூடாது*

ரிம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் குறைய வேண்டும். மொத்த உயரம் ஏறக்குறைய அதே அளவில் நிற்க வேண்டும். சிவிக் டர்போவின் டயர் 215/50 ஆர்17. அகலம் 215, பக்கச் சுவர் அதில் 50 விழுக்காடு, அதாவது 107.5 மில்லிமீட்டர். இரண்டு பக்கச் சுவரையும் 17 அங்குலத்தையும் கூட்டினால் மொத்தம் 646.8 மில்லிமீட்டர்.

18 அங்குலத்துக்குப் போகிறவர் 235/40 ஆர்18 போட்டால் மொத்தம் 645.2. வேறுபாடு 2 மில்லிமீட்டர்கூட இல்லை. 225/45 ஆர்18 போட்டால் 659.7, இரண்டு விழுக்காடு உயரம் கூடிவிடும். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பும்போது உரச வாய்ப்புண்டு. வேகமானியும் முன்பைவிடக் குறைத்துக் காட்டும்.

டயரின் பக்கத்தில் அளவை அடுத்து வரும் எண்ணையும் பாருங்கள். அது சுமைக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 95 என்றால் 690 கிலோ. காரோடு வந்த டயரின் குறியீட்டைவிடக் குறைந்த எண் வேண்டாம். ஐந்து பேரும் சாமானும் ஏறும் பெருநாள் பயணத்தில்தான் இந்த எண்ணின் அருமை தெரியும். டயர் எப்போது செய்யப்பட்டது என்பதும் நான்கு இலக்கத்தில் இருக்கும். 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

*தோட்டத்துச் சாலைக்கு எது சரி?*

கிள்ளான் பள்ளத்தாக்கில் வேலை, வார இறுதியில் செம்பனைத் தோட்டத்து வீடு. இப்படி இரண்டு சாலைகளில் ஓடும் கார்கள் நம் சமூகத்தில் ஏராளம். நெடுஞ்சாலையில் 19 அங்குலம் அழகாக ஓடும். லோரிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த செம்மண் சாலையில் நிலைமை வேறு.

235/35 ஆர்19 டயரின் பக்கச் சுவர் 82 மில்லிமீட்டர்தான். ஒரிஜினலோடு ஒப்பிட்டால் ஓர் அங்குலம் குறைவு. குழியில் இறங்கும் அடியை அந்த ரப்பர்தான் வாங்க வேண்டும். அது போதாவிட்டால் அடி ரிம்முக்குப் போகும். ரிம் நெளியும், டயரின் பக்கம் பந்துபோல் புடைக்கும். புடைத்த டயரை ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

பெரிய ரிம் பெரும்பாலும் கனமும் கூடியது. சுழலும் கனம் கூடினால் கார் கிளம்புவதும் நிற்பதும் மந்தமாகும். எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். வாரந்தோறும் தோட்டத்துக்குப் போகிறவர் அதே 17 அங்குலத்தில் எடை குறைந்த நல்ல ரிம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பணமும் முதுகும் தப்பும்.

*மலிவு விலையின் மர்மம்*

ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டிஇ37 ரிம்மை ரசிக்காத கார் பிரியர் இல்லை. அழுத்தி அடித்துச் செய்யும் ஃபோர்ஜ்டு வகையைச் சேர்ந்தது என்பதால் அது இலேசாகவும் உறுதியாகவும் இருக்கும். அதே வடிவத்தில் உருக்கி வார்த்துச் செய்த நகல்களும் சந்தையில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எடையும் உறுதியும் வேறு.

வார்ப்பு ரிம் என்றாலே மோசம் என்று சொல்ல முடியாது. காரோடு வரும் ரிம்களில் பெரும்பாலானவை வார்ப்புதான். தரச் சோதனையைத் தாண்டியதா என்பதே கேள்வி. ஜேடபிள்யூஎல், விஐஏ ஆகிய ஜப்பானிய முத்திரைகள் இருக்கின்றனவா, தாங்கும் எடை பொறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். முத்திரையையும் நகல் எடுக்க முடியும் என்பதால், ரசீது தரும் கடையில் வாங்குவது நல்லது.

ஹாஃப்கட் கடையில் பழைய ரிம் வாங்குவோர் டயரைக் கழற்றச் சொல்லி உள்விளிம்பைப் பார்க்க வேண்டும். வெடிப்பு, நெளிவு, வெல்டிங் செய்த தடம் ஆகியவை அங்கேதான் ஒளிந்திருக்கும். புதிதாக அடித்த பெயின்ட் எல்லாவற்றையும் மூடிவிடும். பேலன்சிங் இயந்திரத்தில் சுற்றிக் காட்டச் சொன்னால் நெளிவு கண்ணுக்குத் தெரியும்.

*பூட்டும் நாளில் பக்கத்தில் நில்லுங்கள்*

ஹப்பில் படிந்த துருவைத் துடைத்த பிறகே ரிம்மை வைக்க வேண்டும். நட்டுகளைக் கையால் சில சுற்று ஏற்ற வேண்டும். எடுத்த எடுப்பில் ‘கன்’ வைத்து அடித்தால் மரை கெடும். பிறகு ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வடிவில் இறுக்கி, கடைசியில் டார்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். சிவிக்குக்கு அந்த அளவு 108 நியூட்டன் மீட்டர். “இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பாதுகாப்பு” என்பது தவறு. அளவுக்கு மீறினால் ஸ்டட் இழுபட்டு பலம் இழக்கும்.

பூட்டியதும் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். பின்னால் மூன்று பேரை உட்கார வைத்து மேட்டில் மெதுவாக ஏறி இறங்குங்கள். உரசும் சத்தம் கேட்டால் அங்கேயே சொல்லுங்கள். சக்கர நேர்சீரமைப்பையும் அன்றே செய்துவிடலாம். ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மீண்டும் சரிபார்ப்பது கட்டாயம். பலர் மறப்பது இதைத்தான்.

*சம்மனும் காப்புறுதியும்*

டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சோதனையில் சிக்கல் வரும். மாற்றிய ரிம் பற்றிக் காப்புறுதி நிறுவனத்திடம் முன்கூட்டியே தெரிவிப்பதும் அவசியம். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீடு கேட்கும்போது கேள்விகள் எழலாம். திருடு போனால் ரிம்முக்கும் இழப்பீடு உண்டா என்பதை அப்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் காரின் பிசிடி, நடுத்துளை, ஆஃப்செட், ரிம் அகலம், டயர் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தத் தாளோடு ஒத்துப்போகாவிட்டால் அது வேறொருவர் காருக்கு உரியது.