‘அஜைல்’ வேண்டாம் என்றது என் குழு

மென்பொருள் துறையில் வேலை தேடும் மாணவர்கள் ‘அஜைல்’ என்ற சொல்லைக் கேட்காமல் இருக்க முடியாது. வேலை விளம்பரங்களில் அது இருக்கிறது. நேர்முகத் தேர்விலும் அதைப் பற்றிக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் நானும் அதைப் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதினேன். ஆனால், அந்த முறையே வேண்டாம் என்று சொல்லும் குழுவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதற்குப் பாடக்குறிப்புகளில் பதில் இல்லை.

சென்ற ஆண்டு அப்படிப்பட்ட ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் நான் கற்றுக்கொண்டது, குழுத் திட்டப்பணி செய்யும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அஜைல் என்றால் என்ன?

தேவைகளை எல்லாம் முதலிலேயே எழுதி, முழுத் திட்டத்தையும் வரைந்து, பல மாதங்கள் உருவாக்கி, கடைசியில் சோதித்து ஒப்படைப்பது பழைய முறை. ஒரு கட்டம் முடிந்தபின் அடுத்த கட்டத்திற்கு இறங்குவதால் இதை ‘அருவி முறை’ என்பார்கள். 1970ஆம் ஆண்டில் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் உள்ள படத்தைத்தான் இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் உள்ளபடியே செய்வது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் அவர் எச்சரித்திருந்தார்.

பிப்ரவரி 2001ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தளத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, ‘அஜைல்’ அறிக்கையை வெளியிட்டார்கள். நான்கு விழுமியங்களும் பன்னிரண்டு கொள்கைகளும் கொண்டது அது. சிறு பகுதியாகச் செய், பயன்படுத்துபவரிடம் விரைவில் காட்டு, அவர் சொல்வதைக் கேட்டு மாற்று என்பதே அதன் சாரம். அந்த நான்கு விழுமியங்களில் முதலாவது, விதிமுறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களுக்கும் அவர்களுடைய உரையாடலுக்கும் முதலிடம் கொடுக்கிறது. எங்கள் குழுவில் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படையாக அமைந்தது.

ஆறு பேர், ஒரு செயலி

எங்கள் பல்கலைக்கழகத் தொண்டூழியக் கழகம், ஒரு சமூக மன்றத்தில் நடக்கும் இலவசத் துணைப்பாட வகுப்புக்காகச் செயலி ஒன்றை உருவாக்க ஒப்புக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் ஏறத்தாழ 40 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அங்கு வருவார்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் அனைவரும் தொண்டூழியர்கள்.

குழுவின் முந்தைய தலைவர் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு சென்றதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது செயலி தயாராக இருக்க வேண்டும். கழகத்தின் நெறியாளர், “அஜைல் முறையில் செய்யுங்கள்” என்று கூறிவிட்டார். நான் அதைக் குழுவிடம் தெரிவித்ததும் ஐந்து பேரின் முகமும் மாறியது.

கூட்டம் போட்டு விளக்கினால் வாக்குவாதம்தான் மிஞ்சும் என்று தோன்றியது. ஆகவே, ஒவ்வொருவரையும் தனித்தனியே சிற்றுண்டிச்சாலையில் சந்தித்து, அவர்கள் சொன்னதை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொண்டேன்.

நான்காம் ஆண்டு அண்ணன் ஒருவர் வேலைப்பயிற்சி செய்த நிறுவனத்தில் தினமும் காலையில் முக்கால் மணி நேரக் கூட்டம் நடக்குமாம். மேலாளர் ஒவ்வொருவரிடமும், “நேற்று என்ன செய்தாய்?” என்று கேட்பாராம். “அது கூட்டம் இல்லம்மா, வருகைப்பதிவு” என்றார் அவர்.

நிரல் எழுதும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவருக்கு வேறு கவலை. எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பீடு சொன்னால், அதுவே கெடுவாக மாறிவிடும் என்றார்கள். “ரெண்டு நாள்னு சொல்லுவேன். மூணாவது நாள் ஏன் முடியலன்னு கேப்பீங்க” என்றார் ஒருவர்.

வடிவமைப்பாளரான தோழி, அரைகுறை வேலையை வெளியாரிடம் காட்டத் தயங்கினார். பாதி வரைந்ததைப் பார்ப்பவர்கள், தம் திறமையே அவ்வளவுதான் என்று நினைத்துவிடுவார்கள் என்று அஞ்சினார்.

சோதனைக்குப் பொறுப்பேற்ற தோழியின் கேள்விதான் மிகக் கடினமானது. “இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாம் மாறினால், ஏற்கெனவே சோதித்ததை நான் மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டுமா?”

இவற்றில் எதுவும் சோம்பலாலோ பிடிவாதத்தாலோ வந்ததல்ல. ஒவ்வோர் எதிர்ப்புக்குப் பின்னாலும் அனுபவமோ நியாயமான அச்சமோ இருந்தது.

வழிகாட்டி உண்மையில் சொல்வது

அந்தக் குறிப்புகளுடன் ‘ஸ்கிரம்’ முறையின் அதிகாரபூர்வ வழிகாட்டியைப் படித்தேன். அஜைல் வழிமுறைகளில் பரவலாகப் பின்பற்றப்படுவது ஸ்கிரம். கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995ல் ஒரு மாநாட்டில் அதை முன்வைத்தார்கள்.

தினசரிக் கூட்டம் 15 நிமிடம்தான் என்கிறது வழிகாட்டி. மேலாளரிடம் கணக்கு ஒப்பிப்பதற்கான கூட்டமல்ல அது. வேலை செய்பவர்கள் அன்றைய வேலையைத் தாங்களே திட்டமிடுவதற்கானது. அண்ணன் எதிர்த்தது எதையோ, அதையே வழிகாட்டியும் ஏற்கவில்லை.

வேலையின் அளவைப் புள்ளிகளில் மதிப்பிடும் பழக்கம் பல நிறுவனங்களில் உள்ளது. வழிகாட்டியில் அந்தப் புள்ளிகள் பற்றிப் பேச்சே இல்லை. அஜைல் அறிக்கையில் கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ், அந்தப் புள்ளிகளை உருவாக்கியது தாமாக இருக்கலாம் என்றும் அப்படியானால் அதற்காக வருந்துவதாகவும் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அடுத்த கூட்டத்தில் குழுவின் முன் ஓர் ஏற்பாட்டை வைத்தேன். நான்கு வாரம் மட்டும் முயன்று பார்ப்போம், இரண்டு வாரம் ஒரு சுற்று. நான்காவது வார முடிவில் வாக்கெடுப்பு நடத்துவோம். பெரும்பான்மையினர் வேண்டாம் என்றால், நெறியாளரிடம் நானே போய்ச் சொல்கிறேன். இதற்கு அனைவரும் சம்மதித்தார்கள்.

ஒவ்வொரு குறைக்கும் ஒரு மாற்றம்

தினசரிக் கூட்டத்தைக் கைவிட்டோம். செவ்வாய், வியாழன் இரவுகளில் டெலிகிராம் குழுவில் மூன்று வரிச் செய்தி, ஞாயிறு இரவு 15 நிமிட இணையச் சந்திப்பு, அவ்வளவுதான். “என்ன செய்தாய்?” என்ற கேள்வியே கிடையாது. “எங்கே சிக்கியிருக்கிறாய், யார் உதவலாம்?” என்று மட்டும் கேட்டோம்.

மதிப்பீட்டையும் விட்டுவிட்டோம். அதற்குப் பதிலாக, இரண்டு மூன்று நாளில் முடியக்கூடிய சிறு துண்டுகளாக வேலைகளைப் பிரித்தோம்.

அந்தத் துண்டுகளை ஓர் இணையப் பலகையில், ‘செய்ய வேண்டியவை, செய்துகொண்டிருப்பவை, முடிந்தவை’ என்று மூன்று பத்திகளில் இட்டோம். இது ‘கன்பன்’ முறையிலிருந்து வந்தது. டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய அந்த முறையை மென்பொருள் துறைக்கு ஏற்றபடி மாற்றியவர் டேவிட் ஆண்டர்சன். இப்போது எப்படி வேலை செய்கிறீர்களோ அங்கிருந்தே தொடங்குங்கள் என்பது அவர் சொல்லும் முதல் விதி. மாற்றத்தை விரும்பாத குழுவுக்கு அது ஆறுதலாக இருக்கும்.

பலகையை நிரப்பியவுடன் ஓர் உண்மை கண்ணில் பட்டது. ஒன்பது வேலைகள் தொடங்கப்பட்டிருந்தன, ஒன்றுகூட முடியவில்லை. யாரையும் யாரும் குறைசொல்லவில்லை. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே வேலையைத்தான் கையில் வைத்திருக்கலாம் என்ற விதியை அந்த இரண்டாம் ஆண்டு மாணவர்களே கொண்டுவந்தார்கள்.

சோதனைக்கும் வழி பிறந்தது. நிரல் எழுதுபவரே அதற்கான தானியங்கிச் சோதனையையும் எழுத வேண்டும். யார் புதிய நிரலைச் சேர்த்தாலும் பழைய சோதனைகள் அனைத்தும் தாமாக ஓடும். அவை தேறாதவரை அந்த வேலை ‘முடிந்தவை’ பத்திக்குப் போகாது. சோதனைத் தோழி அதன்பின் புதியவற்றில் மட்டும் கவனம் செலுத்தினார்.

வடிவமைப்பாளர் கணினிப் படத்துக்குப் பதிலாகப் பென்சில் கோட்டோவியங்களை இரண்டு தொண்டூழியர்களிடம் மட்டும் காட்டினார். பளபளப்பான படத்தைக் குறைசொல்லத் தயங்குபவர்கள், பென்சில் படத்தைப் பார்த்தால் தாராளமாகக் கருத்துச் சொல்கிறார்கள் என்பதை அவரே கண்டுபிடித்து எங்களுக்குச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை

முதல் சுற்று முடிந்ததும் ஆறு பேரும் சமூக மன்றத்திற்குச் சென்றோம். வகுப்பின் ஒருங்கிணைப்பாளரான அக்காவிடம், நுழைவுப் பக்கத்தையும் மாணவர் முன்னேற்ற வரைபடத்தையும் காட்டினோம். குழு தொடங்கியபோது தயாரித்த 23 அம்சப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவை அவை.

அக்கா பொறுமையாகப் பார்த்தார். “நல்லா இருக்கு. ஆனா நாளைக்கு யார் வரமாட்டாங்கன்னு வெள்ளிக்கிழமை ராத்திரியே இது எனக்குச் சொல்லுமா?” என்று கேட்டார்.

செயலி அதைச் சொல்லாது. 23 அம்சங்களில் அது இடம்பெறவே இல்லை.

அன்றும் ஒரு தொண்டூழியர் வரவில்லை. தகவலை வேறு யாருக்கோ அனுப்பியிருந்தார். நான்கு பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். சோதனைத் தோழியும் நானும் அவர்களுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். “போன வாரமும் எங்க டீச்சர் வரல” என்றாள் ஒரு சிறுமி.

அன்று மாலையே டெலிகிராம் குழுவில் பட்டியலை ஆறு அம்சங்களாகக் குறைத்தவர், முதலில் கடுமையாக எதிர்த்த அந்த அண்ணன்தான். கடவுச்சொல் வேண்டாம், நுழைவுப் பக்கமும் வேண்டாம். வியாழக்கிழமை ஒவ்வொரு தொண்டூழியருக்கும் ஓர் இணைப்பு போகும். ‘வருகிறேன்’ அல்லது ‘வரவில்லை’ என்று ஒருமுறை தொட்டால் போதும். வெள்ளி இரவு எட்டு மணிக்கு, வராதவர்களின் பட்டியலும் மாற்று ஆள்களின் பட்டியலும் அக்காவின் கைப்பேசிக்குச் சென்றுவிடும்.

பழைய முறையில் ஜனவரியில் காதில் விழுந்திருக்கும் கேள்வி, இரண்டே வாரத்தில் எங்களை வந்தடைந்தது. குழுவின் மனத்தை மாற்றியது என் பேச்சு அல்ல. அக்காவின் கேள்வியும் காத்திருந்த பிள்ளைகளும்தான்.

பெரிய திட்டங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பு, வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு ஏறத்தாழ 170 மில்லியன் டாலர் செலவழித்தபின் 2005ல் அதைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக 2006ல் தொடங்கிய ‘சென்டினல்’ திட்டமும் தாமதமானது. 2010ல் எஃப்பிஐ அதைத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்து, இரண்டு வாரச் சுற்றுகளாகச் செய்யத் தொடங்கியது. ஜூலை 2012ல் அது பயன்பாட்டுக்கு வந்தது.

வாக்கெடுப்பு

நான்கு வாரம் முடிந்தபின் நடந்த வாக்கெடுப்பில் ஐந்து பேர் தொடரலாம் என்றார்கள். நிரல் எழுதும் மாணவர் ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். வார இறுதியில் பகுதிநேர வேலை செய்யும் அவருக்கு ஞாயிறு இரவுச் சந்திப்பு பெரும் சுமையாக இருந்தது. சந்திப்பைத் திங்கட்கிழமை மதிய உணவு நேரத்திற்கு மாற்றினோம்.

நவம்பரில் தேர்வுக்காக வேலையை நிறுத்தியபோதும் யாரும் பதறவில்லை. அதுவரை செய்தவை அனைத்தும் இயங்கும் நிலையில் இருந்தன.

ஜனவரியில் நடந்த முதல் வகுப்புக்கு இரண்டு தொண்டூழியர்களால் வர முடியவில்லை. வெள்ளி இரவே தெரிந்ததால் அக்கா மாற்று ஆள்களை ஏற்பாடு செய்துவிட்டார். இன்றும் சிலர் இணைப்பைத் தொடாமல் அக்காவைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். அண்ணனுக்கு ‘ஸ்பிரிண்ட்’ என்ற சொல் இன்னும் பிடிக்கவில்லை. ‘இரண்டு வாரம்’ என்றுதான் சொல்வார். அதனால் எந்த வேலையும் கெட்டுவிடவில்லை.

அடுத்த பருவத்தில் குழுத் திட்டப்பணிக்குத் தலைமை ஏற்கப்போகும் நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது மூன்று. முதலில், எதிர்ப்பவரிடம் தனியாகப் பேசி, காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவதாக, புதிய முறையை முழுவதுமாகத் திணிக்காமல், குழுவுக்கு இப்போது தொல்லை தரும் ஒன்றை அதைக்கொண்டு சரிசெய்யுங்கள். மூன்றாவதாக, உங்கள் செயலியைப் பயன்படுத்தப்போகிறவரைக் குழு முழுவதும் நேரில் சந்திக்க வழிசெய்யுங்கள். தலைவர் மட்டும் போய்க் கேட்டுவந்து சொன்னால் அது வெறும் உத்தரவாகத்தான் தெரியும். எல்லாரும் சேர்ந்து கேட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் குழுவே சொல்லும்.