தறி வீட்டில் ஐந்து பூனைகள்

பூனை வளர்க்கும் இல்லங்களில் பிணக்கு எழுவதற்குத் திருட்டுப் பால் காரணமன்று. பூனை எங்கே கழிக்கின்றது என்பதே காரணம். ஒரு பூனை உள்ள வீட்டில் இத்தொல்லை குறைவு. மூன்று, நான்கு என எண்ணிக்கை ஏறும்போதுதான் மூலைக்கு மூலை நாற்றமும், அந்நாற்றத்தை முன்னிட்டு வீட்டாரிடையே மனத்தாங்கலும் தோன்றுகின்றன. குடும்ப ஏட்டில் எழுதத்தக்க பொருளா இது என்று வாசக அன்பர் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். ஒரு குடும்பத்தின் இருபது நாள் உழைப்பும், கருவுற்ற பெண் ஒருத்தியின் மன அமைதியும், ஐந்து உயிர்களும் இதன் பொருட்டு அல்லலுற்றதை நேரில் கண்டமையால் நமக்கு அந்த ஐயம் எழவில்லை.

காஞ்சி மாநகரை அடுத்து, பாலாற்றை நோக்கிச் செல்லும் வழியில் இருப்பது ஓரிக்கை. இங்கே பட்டுத்தறி வீட்டினுள்ளேயே இருக்கும். கூடத்தில் குழி எடுத்து, அதனுள் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து நெசவாளர் மிதிகட்டையை மிதிப்பார். நூல் உள்ள இடத்திற்கு எலி வரும். எலி வரும் இடத்தில் பூனை வேண்டும். ஆகவே தறி வீட்டுப் பூனை செல்லத்திற்காக வளர்க்கப்படுவதன்று. அது ஒருவகையில் வீட்டின் காவலாள்; ஊதியம் சோறும் மீன் தலையும்.

இத்தகைய இல்லம் ஒன்றிற்குச் சில திங்கள் முன்னர் நாம் சென்றிருந்தோம். தானாக வந்து சேர்ந்த தாய்ப்பூனை ஒன்று, அது ஈன்று வளர்ந்த ஆண் இரண்டு, பெண் இரண்டு, ஆக ஐந்து. இந்த ஐந்திற்கும் சேர்த்து மாடிப்படியின் அடியில் பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் மணல் நிரப்பி வைத்திருந்தார்கள். மணலை வாரத்திற்கு இருமுறை மாற்றுவது வழக்கம். முதலில் தறிக்குழியில் நாற்றம் எழுந்தது. அடுத்து மூலையில் கிடந்த சாக்கு, பிறகு பாய். இறுதியில், தறியிலேயே சுற்றியிருந்த மாம்பழ நிறச் சேலையின் மீது ஓர் இரவில் ஈரம் பட்டு, அரக்குச் சாயம் கசிந்து பரவிவிட்டது. நூலும் சரிகையும் கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இழப்பு நெசவாளர் கூலியின் மீதே விழும்.

"எலி தின்னிருந்தாக்கூட இவ்வளவு நஷ்டம் வந்திருக்காது சாமி" என்றார் இல்லத்தரசி. குடும்பத் தலைவரோ ஒரு சாக்கை எடுத்து வைத்துவிட்டார். "நாளைக்கு விடியக்காலையில பாலாத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வந்துடறேன்." தலைப்பேற்றிற்கு வந்திருந்த மகள் அப்போது ஏழாம் மாதம். பூனை இருக்கும் வீட்டில் கருவுற்றவள் இருக்கலாகாது என்று எவரோ சொல்லிவிட்டுச் சென்றதும் சாக்கிற்குத் துணைநின்றது.

ஓரிக்கை என்னும் பெயருக்கு வைணவ அன்பர்கள் ஒரு வரலாறு கூறுவர். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாடு கடத்தவே, அவனுடைய குருவாகிய திருமழிசை ஆழ்வாரும் உடன் புறப்பட, ஆழ்வாரின் சொல்லுக்கிணங்கப் பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர்கள் பின்னே சென்று ஓரிரவு தங்கிய இடமே 'ஓரிருக்கை' ஆயிற்றாம். வெளியேற்றப்பட்டோருக்கு இடம் தந்த ஊர் என்று பெயர் பெற்ற ஊரிலிருந்து ஐந்து பூனைகளை வெளியேற்றுவதா என்று நாம் வேடிக்கையாகக் கேட்டோம். அவர் சிரித்தார், ஆனால் சாக்கை எடுத்து உள்ளே வைக்கவில்லை. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கூறினோம். அதைக் காட்டிலும், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையை அம்மையார் எடுத்துச் சொன்னதுதான் வேலை செய்தது. பூனை போனால் மறு மாதமே எலி வருமன்றோ? இரு வாரத் தவணை கிடைத்தது.

பூனை வஞ்சம் தீர்ப்பதற்காக இவ்வாறு செய்கின்றது என்று மக்கள் நம்புகின்றனர். அது சரியன்று. வீட்டுப் பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் காட்டுப் பூனைகள். வறண்ட நிலத்தில் வாழ்ந்த அவ்வினம் மண்ணைப் பறித்துக் கழித்து மூடும் பழக்கத்தைத் தன் வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றுள்ளது. சைப்பிரஸ் தீவில் மனிதர் ஒருவரின் அருகே புதைக்கப்பட்டிருந்த பூனையின் எலும்புக்கூடு, ஏறத்தாழ 9500 ஆண்டுப் பழமையானது என்று 2004-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்தனை ஆயிரம் ஆண்டுகள் நம்முடன் வாழ்ந்தும் பூனை இதில் மட்டும் மாறவில்லை. தளர்ந்த மண், சுத்தமான மண், எதிரி வந்தால் ஓடுவதற்கு வழி: இம்மூன்றும் இருக்குமிடத்தையே அது நாடும். தறிக்குழியின் மண் தரையில் இம்மூன்றும் இருந்தன. படிக்கட்டின் அடியிலிருந்த பேசினில் ஒன்றும் இல்லை.

மேலும், அப்பேசினுக்குச் செல்லும் வழி ஒன்றே. அவ்வழியில் பெரிய ஆண் பூனை காலை நீட்டிப் படுத்திருக்கும். சண்டை இல்லை, சீற்றம் இல்லை, படுத்திருப்பதே போதும். இளைய பெண் பூனை எட்டிப் பார்க்கும், திரும்பிவிடும். வீட்டார் இதைத் தினமும் கண்டும் பொருட்படுத்தவில்லை. பல பூனைகள் வாழும் வீட்டில் இந்த மௌன மறியலே தொல்லையின் பெரும்பகுதி என்பது நம் கருத்து.

பூனைகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் தொகையே மணல் தொட்டிகளின் எண்ணிக்கையாக இருக்கவேண்டும் என்பது கால்நடை மருத்துவர் பலரும் கூறும் கணக்கு. ஐந்து பூனைக்கு ஆறு தொட்டி. இதைக் கேட்டதும் தலைவர் வாய்விட்டு நகைத்தார். "மனுசங்க ஏழு பேருக்கு ஒரே கக்கூஸ் சாமி!" அவர் சொன்னதில் நியாயம் உண்டு. சிறிய வீட்டில் ஆறு என்பது நடவாத காரியம். நான்கிற்கு இசைந்தார். எண்ணிக்கையினும் முக்கியம் இடம். இரண்டு தொட்டிகளை அருகருகே வைத்தால் பூனையின் கணக்கில் அவை ஒன்றே. ஒருவன் காவலிருந்து இரண்டையும் மறித்துவிடலாம். ஆகவே ஒன்று பின்கட்டில், ஒன்று தாழ்வாரத்தில், ஒன்று மாடிப்படியின் மேல் திருப்பத்தில், ஒன்று தறிக்கூடத்தின் கோடியில் என்று பிரித்து வைக்கப்பட்டன. எதுவும் சோற்றுத் தட்டின் அருகில் இல்லை. எதற்கும் மூடியும் இல்லை. தொட்டியின் நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது நன்று. மணல் இரண்டு மூன்று அங்குல உயரம் போதும். தறி ஓயும் இரவு வேளையில் குழியைப் பலகையால் மூடிவிடச் சொன்னோம். அதற்கு முன் குழியின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் இட்டார்கள்; பழைய நாற்றம் இருக்குமட்டும் அது பூனைக்கு அழைப்பேயாகும்.

நாற்றத்தைப் போக்க அவ்வீட்டார் பினாயிலை ஊற்றியிருந்தார்கள். இதை நாம் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். பினாயில் போன்றவற்றிலுள்ள பீனால் வகைப் பொருளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பினாயில் பட்ட பாதத்தைப் பூனை நக்கும். நஞ்சு உள்ளே போகும். பூனையை விரட்டவென்று மூலைகளில் இடும் பாச்சை உருண்டையும் அத்தகையதே. பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்க் கறையின் மீது தூவினாலோ, சிறுநீரின் அம்மோனியாவுடன் கலந்து மூச்சை அடைக்கும் நச்சுக் காற்று எழும். அது மனிதருக்கும் ஆகாது. தரையைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாக அலசி, வெயிலும் காற்றும் படவிடுவதே எளிய வழி. சிறுநீரின் வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவங்களும் இப்போது நகரக் கடைகளில் கிடைக்கின்றன. விலைதான் சற்று மிகுதி.

முதல் வாரத்தில் பாதித் தொல்லை நின்றது. பாதி நிற்கவில்லை. யார் குற்றவாளி என்று ஆராய்ந்தபோது எல்லோர் விரலும் சாம்பல் நிற ஆண் பூனையைச் சுட்டியது. மணலில் குந்தும், எழுந்து போகும், ஐந்து நிமிடத்தில் பாயில் குந்தும், இரண்டு சொட்டு விழும், முனகும். இது முரட்டுத்தனமன்று, நோய். சிறுநீர்ப்பை அழற்சியோ கல்லோ உள்ள பூனை, தனக்கு வலித்த இடமே வலியைத் தந்ததாக எண்ணி மணல் தொட்டியை விட்டு விலகும். அதிலும் ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. முற்றிலும் அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். துணியால் மூடிய கூடையில் வைத்து அன்றே மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். முழு அடைப்பு இல்லை, மருந்து கொடுத்தார், தண்ணீர் மிகுதியாக உட்செல்லும்படி சோற்றைக் குழைத்து வைக்கச் சொன்னார். சாக்கில் முதலில் ஏறியிருக்க வேண்டியது இந்தப் பூனைதான்.

மற்றொரு ஆணின் செய்கை வேறு வகை. தறிக் கம்பத்திற்கு முதுகைக் காட்டி நின்று, வாலை உயர்த்தி நடுக்கி, பின்புறமாகச் சிறிதளவு பீச்சும். இது கழித்தலன்று, எல்லை குறித்தல். எத்தனை தொட்டி வைத்தாலும் இது நிற்காது. மருத்துவரைக் கொண்டு விதை நீக்கினால் பெரும்பாலான ஆண் பூனைகளிடம் நின்றுவிடும். பெண்களுக்கும் கருத்தடை செய்வது இன்றியமையாதது. பூனையின் சூல்காலம் ஏறத்தாழ 65 நாள்தான். இன்றைய ஐந்து, அடுத்த ஆண்டு எத்தனை என்று எவரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். 1959-இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் நிறுவனம் சென்னையில் இப்பணியை நெடுங்காலமாகச் செய்து வருகின்றது. காஞ்சியிலிருந்து சென்னை சுமார் 75 கிலோமீட்டர். ஐந்து பூனைகளைப் பேருந்தில் கொண்டுபோவது எப்படி என்று அம்மையார் கேட்டதற்கு நம்மிடம் விடை இல்லை. அருகிலுள்ள மருத்துவரிடமே ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள முடிவாயிற்று. இதுவரை இரண்டு முடிந்துள்ளன.

இனி, மகளின் அச்சம். அது முற்றிலும் வீண் அச்சமன்று. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி பூனையின் மலத்தில் வெளிப்படக்கூடும்; கருவுற்ற பெண்ணுக்கு அப்போது முதன்முறையாகத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தைக்குக் கேடு விளையலாம். ஆயினும், தொற்றிய பூனை அதனைப் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை, சில வாரங்களுக்கு மட்டுமே வெளியேற்றும். வெளிவந்த உடனே அது தொற்றுவதில்லை. அதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் வரை வேண்டும். ஆகவே, நாள்தோறும் மலத்தை அகற்றும் வீட்டில் ஆபத்து வெகுவாகக் குறைகின்றது; வாரம் இருமுறை அகற்றும் வீட்டில்தான் அது வளர்கின்றது. அவ்வேலையைக் கருவுற்றவள் செய்யலாகாது; வேறொருவர் செய்து கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். நன்கு வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இந்நோயைத் தரவல்லவை என்பதையும் அம்மகளிடம் கூறினோம். பேறுகாலம் பார்க்கும் மருத்துவரிடமும் கேட்கச் சொன்னோம், கேட்டுத் தெளிந்தாள். காலையும் மாலையும் தொட்டிகளைத் துப்புரவு செய்யும் பொறுப்பை அவளுடைய தம்பி ஏற்றுக்கொண்டான். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் பேரம் பேசிய பின்னரே ஏற்றுக்கொண்டான் என்பதையும் எழுதிவிடுகின்றோம்.

எஞ்சியது மணல். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1947-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், மணல் உறைந்துபோனதால் சாம்பலைப் பயன்படுத்தி வந்த பெண்மணி ஒருவர், பூனையின் கரிய காலடி வீடெங்கும் பதிகின்றதே என்று அண்டை வீட்டு எட்வர்ட் லோ என்பவரிடம் முறையிட்டார். அவர் எண்ணெய்க் கசிவை உறிஞ்சுவதற்காக விற்று வந்த களிமண் பருக்கையைக் கொடுத்தார். இன்று உலகெங்கும் விற்கும் பூனை மணலின் தொடக்கம் அதுவே. ஈரம் பட்டால் கட்டியாகும் பென்டோனைட் வகை பிற்காலத்தில் வந்தது. நம் நகரங்களிலும் கிடைக்கின்றது. நான்கு தொட்டிகளுக்கு மாதந்தோறும் அதை வாங்க நெசவாளர் கூலி தாங்காது. பாலாற்றங்கரையில் வாழ்ந்தும் ஆற்று மணல் இன்று எளிதில் கிடைப்பதில்லை; ஆற்றில் தோண்டி எடுக்கவும் கூடாது. வீடு கட்ட வாங்கும் எம்-சாண்ட் கூரிய பருக்கையும் தூசியும் கலந்தது; அவ்வீட்டுப் பூனைகள் அதை முகர்ந்துவிட்டு விலகின. சலித்த தோட்டத்து மண்ணோடு மரத்தூளைக் கலந்து வைத்ததை ஐந்தும் ஏற்றன. வாரம் ஒருமுறை முழுவதும் கொட்டி, தொட்டியை வாசனையற்ற சோப்பால் கழுவி வெயிலில் காயவைக்கின்றார்கள். கொட்டியதைச் சாக்கடையிலோ கீரைப் பாத்தியிலோ சேர்க்காமல், பின்கட்டில் குழி தோண்டிப் புதைக்கின்றார்கள். மழைக்காலத்தில்தான் சிக்கல். ஈர மண்ணைப் பூனை தொடாது. அந்நாட்களில் இளைய பெண் பூனை தறிக்குழிப் பலகையை இன்னும் பறித்துப் பார்க்கின்றதாம். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் இரண்டு சாக்கு மண்ணைச் சலித்து உலர்த்திப் பரணில் ஏற்றி வைப்பதாக அம்மையார் சொல்லியிருக்கின்றார்.